கக்னியும் லேசியும் எங்கள் அக்காவும்

சில மாதங்களுக்கு முன்னர் லண்டனுக்குச் சென்றபோது மூன்று வாரங்கள் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்காவுக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. அத்தான் காலமாகி ஆறு வருடங்களாகின்றன. பிள்ளைகள் இருவரும் தத்தமது குடும்பங்களுடன் வேறு நகரங்களில் வசிக்கிறார்கள். முன்னறையில் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழேயுள்ள தட்டில் இறுவட்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. பழைய தமிழ்ப் படங்களாக இருக்கும் என்ற எண்ணத்தில் கையை நீட்டினேன். "உதைக் குழப்பிப்போடாதை. ஒழுங்கு மாறினால் எனக்குப் பிறகு பிடிபடாது" என்று குசினிக்குள் இருந்தவாறே அக்கா குரல் கொடுத்தார். எடுத்துப் பார்த்தேன். அத்தனையும் 'கக்னி அன்ட் லேசி'.

தொலைக்காட்சித் தொடர்களில் எனக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. மாலை வேளைகளைப் பத்திரிகைக் காரியாலயத்தில் பக்கங்களை அச்சுக்கு அனுப்புவதிலேயே கழித்த ஒருவனுக்கு அதற்கான வாய்ப்பும் கிடைப்பதில்லை. ஆனால், அந்த மூன்று வாரங்களிலும் அக்காவுடன் இருந்து இரவில் இரண்டு, சில நாட்களில் மூன்று அங்கங்கள் என்று பார்த்தேன். கொழும்புக்குத் திரும்பிய பிறகு அந்தத் தொடரைப் பற்றிக் கிடைத்தவற்றைத் தேடி வாசித்தேன். என்னைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி ஒன்று இருந்தது.

எங்களுடைய தலைமுறைத் தமிழர்களுக்குப் பொலிஸ் என்ற சொல் எத்தகைய உணர்வைத் தரும் என்பதை இந்த வலைப்பதிவின் வாசகர்களுக்கு நான் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. 1990களில் கொழும்பில் வாடகை அறையில் தங்கியிருந்த நாட்களில் பத்திரிகையாளர் அடையாள அட்டையையும் தேசிய அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு உறங்கியவன் நான். நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் விளக்கைப் போடுவதற்கு முன்னர் கை அங்கேதான் போகும். அக்கா 1986இல் நாட்டைவிட்டுச் சென்றதும் சீருடைகளுக்கு அஞ்சித்தான். அத்தகைய ஒருவர், நாற்பது வருடங்களுக்கு முந்திய ஓர் அமெரிக்கப் பொலிஸ் நாடகத்தின் 125 அங்கங்களையும் வரிசை குலையாமல் காத்துவருகிறார். அந்தப் பாத்திரங்களைப் பற்றிச் சொந்தச் சகோதரிகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறார். பொலிஸைக் கண்டால் வீதியின் மறுபக்கத்துக்கு மாறிவிடும் சமூகத்தில் பிறந்த பெண்ணுக்கு இரண்டு பொலிஸ்காரிகள்மீது இத்தனை பிரியம் எங்கிருந்து வந்தது?

தொடரைப் பார்த்திராதவர்களுக்காகச் சிறு அறிமுகம். நியூயோர்க் நகரின் மன்ஹட்டனில் கற்பனையான 14ஆவது பொலிஸ் பிரிவில் ஒன்றாகப் பணியாற்றும் இரு பெண் துப்பறியும் அதிகாரிகளின் கதை இது. கிறிஸ்டீன் கக்னி மணமாகாதவள். தொழிலில் உயரவேண்டும் என்ற தீவிர வேட்கை கொண்டவள். ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் ஒருவரின் மகள். மேரி பெத் லேசி கணவனுடனும் இரு ஆண்பிள்ளைகளுடனும் குவீன்ஸ் பகுதியில் வாழ்பவள். அவளுக்குப் பொலிஸ் வேலை முதலில் சம்பளம், பிறகுதான் மற்றவை. குணத்தில் இருவரும் இரு துருவங்கள்.

இதனை எழுதியவர்கள் பார்பரா அவெடன், பார்பரா கோர்டே என்ற இரு பெண்கள். பெண்களைத் திரைப்படங்கள் நடத்திவந்த விதம் குறித்து மொலி ஹஸ்கல் எழுதி 1974இல் வெளியான நூல் அவர்களுக்கு உந்துதலாக இருந்தது. ஆண் நண்பர்கள் இருவரின் தோழமையைச் சொல்லும் படங்கள் ஏராளமாக வந்துகொண்டிருந்த ஹொலிவூட்டில் இரு பெண்களின் தோழமையைச் சொல்லும் படத்தைக் காணமுடியவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப அவர்கள் எழுதிய திரைக்கதையைப் பல வருடங்களாக எந்த நிறுவனமும் தொடவில்லை. வெளியுலகத்தில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. 1972ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் தொழிலில் பாரபட்சத்தைத் தடைசெய்யும் விதிகளை மாநில, நகர நிர்வாகங்களுக்கும் விரிவுபடுத்தியபோது பொலிஸ் திணைக்களங்களின் கதவுகள் பெண்களுக்குத் திறக்கவேண்டியதாயிற்று. 1975இல் நியூயோர்க் நகரம் நிதிநெருக்கடியில் சிக்கி ஆட்குறைப்புச் செய்தபோது, கடைசியாக வந்து சேர்ந்த பெண்கள்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சின்னத்திரையிலோ அந்தக் காலத்தின் பெண் பொலிஸ் என்றால் 'பொலிஸ் வுமன்', பெண் துப்பறிவாளர் என்றால் 'சார்லிஸ் ஏஞ்சல்ஸ்'. குற்றவாளியைத் துரத்தும் வேளையிலும் தலைமுடி கலையாத அழகிகள்.

சி.பி.எஸ். நிறுவனம் 1981 ஒக்டோபரில் இக்கதையைத் தொலைக்காட்சித் திரைப்படமாக ஒளிபரப்பியது. லொரெட்டா ஸ்விட் கக்னியாகவும் டைன் டேலி லேசியாகவும் நடித்தார்கள். கிடைத்த வரவேற்பைக் கண்டு தொடராக எடுக்க முடிவுசெய்தபோது, 'மாஷ்' தொடரின் ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்த ஸ்விட்டினால் வரமுடியவில்லை. 1982 மார்ச்சில் மெக் பொஸ்டர் கக்னியானார். ஆறு அங்கங்களுடன் அவர் நீக்கப்பட்டார். இரு பெண்களும் மட்டுமீறிக் கடுமையாக இருக்கிறார்கள், பெண்மை போதாது, பார்ப்பவர்கள் அவர்களை ஒருபாலுறவுக்காரர்களாகக் கருதிவிடக்கூடும் என்ற விதமாகப் பெயர் குறிப்பிடாத சி.பி.எஸ். அதிகாரி ஒருவர் 'ரி.வி. கைட்' சஞ்சிகைக்குக் கூறியிருந்தார். பொஸ்டரின் இடத்துக்கு ஷரன் கிளெஸ் வந்தார். கக்னியின் உடைகள் மாறின, குடும்பப் பின்னணியும் சற்று வசதியானதாக மாற்றப்பட்டது. இன்று ரசிகர்கள் கொண்டாடும் கக்னி, வேறு ஒரு நடிகை இழந்த தொழிலின்மீது எழுந்து நிற்பவள். இதை அக்காவிடம் சொன்னபோது, "அந்த மனுசி என்ன பாவம் செய்தது?" என்று கேட்டார். பிறகு, சற்றுநேரம் கழித்து, "எண்டாலும் ஷரன்தான் கக்னி" என்றார். ரசிக மனம் நன்றியை ஒரு பக்கத்திலும் நியாயத்தை இன்னொரு பக்கத்திலும் வைத்துக்கொண்டு வாழப் பழகியது போலும்.

1983 மே மாதம் சி.பி.எஸ். தொடரை நிறுத்தியது. பார்வையாளர் எண்ணிக்கை போதாது என்பது காரணம். அதன் பிறகு நடந்தவைதான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்துக்கொண்டன. வருத்தம் தெரிவித்து எழுதிய ரசிகர்களுக்குத் தயாரிப்பாளர் பார்னி ரோசன்ஸ்வைக் பதில் அனுப்பி, எனக்கு எழுதிப் பயனில்லை, சி.பி.எஸ். நிறுவனத்துக்கும் உங்கள் ஊர்ப் பத்திரிகைக்கும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. கோடைகால மறுஒளிபரப்பில் அதே அங்கங்கள் தரப்பட்டியலில் முன்னணிக்கு வந்தன. செப்டெம்பரில் டைன் டேலிக்கு எமி விருது கிடைத்தது. நிறுத்திய தொடரை மீண்டும் தொடங்குவதாக நிறுவனம் அறிவித்தது, அதுவும் முதலில் ஏழே ஏழு அங்கங்களுக்கு. 1984 மார்ச் 19ஆம் திகதி திரைக்குத் திரும்பிய கக்னியும் லேசியும் 1988 மே வரை இருந்தார்கள். 1983 தொடக்கம் 1988 வரை ஆறு வருடங்களும் நாடகத் தொடர்களின் சிறந்த நடிகைக்கான எமி விருது இந்த இருவரையும் தாண்டி எவருக்கும் போகவில்லை. டேலிக்கு நான்கு, கிளெஸுக்கு இரண்டு.

1983ஆம் ஆண்டின் கோடை, எங்களுக்கு வேறு காரணத்துக்காக நினைவில் நிற்பது. அமெரிக்காவில் பெண்கள் சமையலறை மேசைகளில் அமர்ந்து இரண்டு பொலிஸ்காரிகளைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதிக்கொண்டிருந்த அதே யூலையில் கொழும்பில் என்ன நடந்தது, சீருடைக்காரர்கள் எதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் ஒப்பிடுவதற்கு எதுவுமில்லை. திகதிகளோடு வாழும் தொழிலில் இருப்பவனுக்கு ஒன்றைப் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பதும் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

அந்தக் கடிதங்களுக்கு வருகிறேன். ரசிகர்களின் இயக்கம் என்று புகழப்படுவது உண்மையில் தயாரிப்பாளர் ஒருவர் தூண்டிவிட்ட வேலைதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிழைப்புப் போகிறவர் சும்மா இருப்பாரா? ரோசன்ஸ்வைக் கெட்டிக்காரர், வியாபாரி. ஆனால், கடிதங்களைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.

பத்திரிகையில் சேர்ந்த முதலாவது வருடத்தில் எனக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை வாசகர் கடிதங்களைத் தரம்பிரிப்பது. பட்டதாரி என்ற மிதப்பில் வந்தவனை ஆசிரியபீடத்தில் வேறு எந்த மேசைக்கும் விடமாட்டார்கள். தினமும் ஒரு சாக்குப்பை நிறையக் கடிதங்கள் வரும். சொல்லிக்கொடுத்து எழுதுவிக்கப்பட்ட கடிதங்களை அடையாளம்காண எனக்கு இரண்டு கிழமைகள்கூடத் தேவைப்படவில்லை. ஒரே வசனம், ஒரே எழுத்துப்பிழை, ஒரே தபாற்கந்தோர் முத்திரை. அரசியல்வாதிக்கு வாழ்த்து, அதிபரின் இடமாற்றத்துக்குக் கண்டனம் என்று எதுவாக இருந்தாலும் விஷயத்தைவிட்டு இம்மியும் விலகமாட்டா. உண்மையான கடிதம் விலகிப்போகும். ஒழுங்கையில் மின்விளக்கு எரியவில்லை என்று தொடங்குபவர் மூன்றாவது பந்தியில் மகளுக்கு மாலை வகுப்பு இருப்பதைச் சொல்வார். நான்காவதில் மகளின் தகப்பன் இப்போது உயிரோடு இல்லை என்பது வந்துவிடும். மின்விளக்கைப் பற்றி மீண்டும் எழுத மறந்தும்விடுவார்.

ஜூலி டாச்சி என்ற அமெரிக்கப் பேராசிரியை இந்தத் தொடரின் வரலாற்றை ஆராய்ந்து 1994இல் ஒரு நூலை வெளியிட்டார். ரசிகர்களின் கடிதங்களை நேரடியாகப் படித்து அவர் எழுதிய பகுதிகளை வாசித்தபோது எனது பழைய மேசை நினைவுக்கு வந்தது. தொடரைக் காப்பாற்றுங்கள் என்று கேட்க வந்த பெண்கள் தங்களுடைய வேலைத்தலங்களைப் பற்றி, மணவாழ்க்கையைப் பற்றி, தோழிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். தயாரிப்பாளர் அவர்களுக்கு விலாசத்தைக் கொடுத்திருக்கலாம். விலகிப்போகும் பந்திகளை அவரால் கொடுத்திருக்க முடியாது.

இந்தப் பாசத்தைக் கண்டு கம்பனி இரங்கியது என்று நம்பும் வயதை நான் கடந்துவிட்டேன். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் பெண்களை விளம்பரதாரர்கள் நாடத் தொடங்கிய காலம் அது. கடிதம் எழுதியவர்கள் பலர் அத்தகையவர்கள் என்பதும் நிறுவனத்துக்குப் புரிந்திருக்கும். தரப்பட்டியல் எத்தனை பெட்டிகள் திறந்திருந்தன என்பதைச் சொல்லும், பார்த்தவளுக்கு அது எவ்வளவு தேவையாக இருந்தது என்பதைச் சொல்லாது. இந்த அனுபவத்தில் இருந்து 1984இல் டொரதி ஸ்வான்சன் என்ற பெண்மணியின் முயற்சியில் தரமான தொலைக்காட்சிக்கான பார்வையாளர் அமைப்பு ஒன்று உருவாகி 2000ஆம் ஆண்டுவரை இயங்கியது. பார்ப்பவர்களுக்கும் பேச வாய் உண்டு என்பதை அது காட்டியது. அதற்கு முன்னரே, 1968இல், 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்கள் கடிதங்களால் தங்கள் தொடரைக் காப்பாற்றியதுண்டு. ஆனால், அது விண்வெளி. இது பக்கத்து வீடு.

பக்கத்து வீடு என்று நான் சொல்வதற்குக் காரணம் அக்கா எனக்குக் காட்டித்தந்த ஒரு விஷயம். தொடரில் துப்பாக்கிச் சண்டை உண்டு, துரத்தல் உண்டு. அக்கா அப்போதெல்லாம் எழுந்து கறியைக் கிளறப் போய்விடுவார். பொலிஸ் நிலையத்தின் பெண்கள் கழிவறைக் காட்சி வந்தால் அகப்பையோடு ஓடிவருவார். "இப்பதான் கதை" என்பார். கக்னியும் லேசியும் உண்மையாகப் பேசிக்கொள்ளும் இடம் அதுதான். ஆண்கள் நிறைந்த கூடத்தில் பேசமுடியாதவற்றை, முகத்தைக் கழுவிக்கொண்டும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டும் கண்ணாடியைப் பார்த்தவாறே ஒருவருக்கொருவர் சொல்கிறார்கள். சண்டைபிடிக்கிறார்கள். ஒருத்தி மன்னிப்புக் கேட்க வந்து, கேட்காமல், கைதுடைக்கும் கடதாசியை மற்றவளிடம் நீட்டிவிட்டுப் போகிறாள்.

அக்கா லண்டனுக்கு வந்த புதிதில் ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை செய்தார். ஆசிரியர் பயிற்சி முடித்தவர் என்பதை இங்கே சொல்லவேண்டும். அந்த வேலையிடத்திலும் பெண்கள் கூடிப்பேசும் இடம் வாளிகளும் தும்புத்தடிகளும் வைக்கப்படும் சிற்றறைதான். யமேக்காவில் இருந்து வந்த ஒருத்தி, அயர்லாந்துக்காரி ஒருத்தி, அக்கா. பி.பி.சி. ஒன்றில் இரவு 'கக்னி அன்ட் லேசி' ஒளிபரப்பானால், மறுநாள் அந்த அறையில் அதுதான் பேச்சு. அக்காவின் ஆங்கிலம் அங்கேதான் திருந்தியது. "எனக்கு அவையள் பொலிஸ் எண்டதே மறந்துபோச்சு. விடிய எழும்பி, பிள்ளையளை வெளிக்கிடுத்தி, வேலைக்குப் போய், மேலதிகாரியிட்டைப் பேச்சு வாங்கி, திரும்பி வாற ரெண்டு பொம்பிளையள்" என்று அக்கா சொன்னார். எனது கேள்விக்கான மறுமொழி அதற்குள் இருந்தது. மூன்று வாரங்களாக நான் சீருடையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். துப்பறியும் அதிகாரிகள் என்பதால் அந்த இரு பெண்களும் அதைப் பெரும்பாலும் அணிவதே இல்லை என்பதைக்கூட நான் கவனித்திருக்கவில்லை.

லேசியின் கணவன் ஹார்வி கட்டிடத் தொழிலாளி. வேலை இல்லாத காலங்களில் வீட்டில் சமைப்பான், பிள்ளைகளைப் பார்ப்பான். ஜோன் கார்லன் என்ற நடிகர் அந்தப் பாத்திரத்துக்காக எமி விருது பெற்றவர். அத்தானுக்கும் லண்டனில் முதல் இரண்டு வருடங்கள் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. ஊரில் அடுப்படிப் பக்கம் போயறியாதவர் புட்டவிக்கப் பழகினார். அதை எங்கள் உறவினர்கள் என்னவெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள் என்பதை நான் அறிவேன், யாழ்ப்பாணத்தில் இருந்து நானும் சேர்ந்து சிரித்தவன். அத்தானுக்கு அந்தத் தொடரில் ஒரே ஒருவரைத்தான் பிடிக்குமாம். ஹார்வி திரையில் ஏப்ரனுடன் நின்றால், "பார், பார்" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவாராம். இதைச் சொல்லும்போது அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1985இல் லேசிக்கு மார்பில் கட்டி இருப்பது தெரியவருகிறது. இரு அங்கங்களில் அதைச் சொல்கிறார்கள். மார்பை முழுமையாக அகற்றாமல் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறலாம் என்ற தெரிவு இருப்பதை அவள் தேடி அறிந்துகொள்கிறாள். அதே ஆண்டு நவம்பரில் கருக்கலைப்பு நிலையம் ஒன்றுக்குக் குண்டுவைக்கப்படுவது பற்றிய அங்கம் வந்தபோது கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் அதை ஒளிபரப்பக்கூடாது என்று வலியுறுத்தினார்கள். இவையெல்லாம் துணிச்சலான விஷயங்கள்தான். என்றாலும், என்னை உறங்கவிடாமல் செய்தது 1987இல் வந்த இரு அங்கங்கள்.

கக்னியின் தகப்பன் சார்லி குடிகாரர், அன்பானவர், வேடிக்கையாகப் பேசுபவர். அவருடன் மதுச்சாலையில் இருந்து குடிப்பது மகளுக்குப் பெருமை. தொடரின் தொடக்கம் முதலே கக்னியின் கையில் கிண்ணம் இருக்கிறது. பார்ப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை, அவளும் கவனிப்பதில்லை. ஐந்து வருடங்களாக அவளுடன் கூடவே வந்த ரசிகர்களுக்கு, சார்லி தனியே இறந்துகிடந்த பிறகு அவள் குடித்துக் குடித்து நிலைகுலையும்போதுதான் எல்லாம் தெரியவருகிறது. லேசி அவளுடைய வீட்டுக்குள் போய் அந்த அலங்கோலத்துக்கு நடுவில் நின்று பேசுகிறாள். கடைசியில், குடியைக் கைவிட முயல்பவர்களின் கூட்டத்தில் கக்னி எழுந்து தனது பெயரைச் சொல்லித் தான் யார் என்பதை ஒப்புக்கொள்கிறாள்.

எனக்குத் தலைப்பு எழுதக் கற்றுத்தந்தவர் ஒரு மூத்த உதவி ஆசிரியர். ஒரு சொல்லை வெட்டிவிட்டு வசனத்தை நிமிர்த்திக் காட்டுவார். மேசை இழுப்பறையில் போத்தல் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரவுப் பதிப்பு முடிந்து அவரோடு போயிருந்து குடிப்பதை நாங்கள் ஒரு தகுதியாகவே கருதினோம். ஐம்பத்தோராவது வயதில் அவர் போனார். இரங்கல் குறிப்பை நான்தான் எழுதினேன். நகைச்சுவை உணர்வு மிக்கவர் என்று எழுதினேன். லேசி செய்ததை எங்களில் ஒருவர் செய்திருந்தால் என்று அந்த இரவில் அக்காவின் முன்னறையில் இருந்து யோசித்தேன். ஷரன் கிளெஸ் தானே குடிக்கு அடிமையாகி 1988இல் சிகிச்சை பெற்றதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2021இல் வெளியான தன்வரலாற்றிலும் எழுதியிருக்கிறார். கக்னி எழுந்து சொன்ன வார்த்தைகளைப் பேசி நடித்ததற்கு அடுத்த வருடம் அது.

ரசிகர்களின் பாசம் எப்போதும் தூய்மையானது என்று நான் வாதாடவில்லை. 1990இல் மனநிலை குழம்பிய ரசிகை ஒருத்தி துப்பாக்கியுடன் ஷரன் கிளெஸின் வீட்டுக்குள் புகுந்துவிட்டாள். நல்லவேளையாக அவர் அங்கு இருக்கவில்லை. பல மணிநேரத்துக்குப் பிறகுதான் பொலிஸாரிடம் அவள் சரணடைந்தாள். உண்மையான பொலிஸாரிடம்.

அதனிலும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜோர்ஜ் புளோய்டின் கழுத்தில் பொலிஸ்காரர் முழந்தாளை ஊன்றிக் கொன்ற பிறகு, பொலிஸ் நாடகங்களைப் பற்றியே அமெரிக்காவில் கேள்வி எழுந்தது. பொலிஸ்காரரின் பக்கத்தில் நின்று கதைசொல்லிச் சொல்லி, அவர் செய்வதெல்லாம் நியாயம் என்று மக்களைப் பழக்கிவிட்டீர்கள் என்று விமர்சகர்கள் கூறினார்கள். 'கொப்ஸ்' என்ற நீண்டகால நிகழ்ச்சியை அந்த ஜூன் மாதம் பரமவுண்ட் நிறுவனம் நிறுத்தியது. இந்த விமர்சனத்தை நான் இலேசாக ஒதுக்கமாட்டேன். தட்டப்பட்ட கதவுக்கு உள்ளே இருந்தவன் நான். கதவைத் தட்டியவரின் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம், மேலதிகாரியிடம் பேச்சு வாங்கிவிட்டு வந்திருக்கலாம் என்று ஒரு நாடகம் எனக்குச் சொன்னால் நான் என்ன செய்வது? 'கக்னி அன்ட் லேசி'யிலும் விசாரணை அறையில் அமர்ந்திருப்பவனின் வீட்டுக்குக் கமரா போவது அருமை. அவன் அந்த வாரத்துக்கு மட்டும் வந்துபோகிறவன், அவனுக்காகக் கடிதம் எழுத எவருமில்லை.

இதை அக்காவிடமும் கேட்டேன். அக்காவின் மகனை 1990களின் இறுதியில் வீதியில் மறித்து இரண்டு தடவைகள் சோதனைபோட்டவர்கள் லண்டன் பொலிஸார். "அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றார் முதலில். பிறகு, "நான் அவையளை வீட்டுக்குள்ளை விட்டது ரீ.வி.யிலைதான். வாசல்லை வந்து நிண்டால் கதவைத் திறக்கமாட்டன்" என்றார். பேராசிரியர்கள் இதனை எவ்வாறு விளங்கப்படுத்துவார்களோ தெரியாது. அந்தப் பெண்கள்மீது வைத்த பாசம் அக்காவின் கண்களை மறைத்துவிடவில்லை என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்லமுடியும். மற்றவர்களுக்கு மறைத்திருக்காது என்று என்னால் உத்தரவாதம் கொடுக்கமுடியாது.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு கடைசி இறுவட்டு ஓடிக்கொண்டிருந்தது. 1994 தொடக்கம் 1996 வரை அதே நடிகைகளுடன் நான்கு தொலைக்காட்சித் திரைப்படங்கள் வந்ததாக வாசித்தேனே, அவை எங்கே என்று கேட்டேன். அக்கா அவற்றை வாங்கவில்லையாம், பார்க்கவும் இல்லையாம்.

"ஏன்?"

"அதிலை கக்னி கலியாணம் முடிச்சிட்டாவாம். லேசி வேலையை விட்டிட்டாவாம். எனக்கு அது தேவையில்லை."

இறுவட்டை நிறுத்திவிட்டு எழுந்தார். திரையில் இருவரும் கண்ணாடிக்கு முன்னால் அப்படியே நின்றார்கள்.

"தேத்தண்ணி போடட்டே? இனித்தான் கதை வரப்போகுது."